கைராசிக்கு இடமில்லை

அந்தக் கட்டடத்தில் யாராவது "அவங்க கைராசி அப்படி" என்று சொல்லிவிட்டால் மேடம் பேச்சை நிறுத்திவிடுவார். கோபப்பட மாட்டார். சொன்னவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்ப்பார். "அப்போ அந்தக் கையை வெட்டி பார்சல் போட்டு ஊர் ஊரா அனுப்பிடலாமா?" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள். பழையவர்கள் சிரிக்க மாட்டார்கள். அடுத்து வரப்போகும் வாக்கியம் அவர்களுக்குத் தெரியும்.

"நாளைக்கு இதை வேற யாராவது செய்யட்டும்."

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை எடுத்துவிட்டுப் படித்தாலும் விஷயம் நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதை அவருக்கே பொருத்திப் பார்க்கிறேன்.

கட்டடம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மெட்ரோ தூண்களைத் தாண்டி, ஒரு டயர் கிடங்குக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் உயிர் மருத்துவ ஆராய்ச்சி மையம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்பக்கம் ஜெனரேட்டரும் தண்ணீர் லாரி நிற்கும் இடமும். கீழ்த்தளத்தில் ரத்த மாதிரிகள் வாங்குவார்கள். இரண்டாம் தளம் மேடத்தின் ஆய்வகம். மூன்றாம் தளத்தில் எலும்புக்கும் பல்லுக்கும் சிமெண்ட் கலப்பவர்கள். நான்காம் தளத்தில் எல்லோருக்கும் பொதுவான குளிர் அறை. ஆறாம் தள ஜன்னலில் நின்றால், தூசி குறைந்த நாட்களில் செம்பரம்பாக்கம் ஏரி ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். நாளிதழ் ஒன்றின் நகரப் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே தகவல் அதிகாரியாகச் சேர்ந்தேன். உள்ளே நடப்பதை வெளியே இருப்பவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்வது என் வேலை.

முதல் கட்டுரையே மேடத்தின் ஆய்வகத்தைப் பற்றியது. எலிக்காய்ச்சலை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அவர்கள் செய்துகொண்டிருந்த முயற்சி. எழுதி எடுத்துக்கொண்டு போனேன். படித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வாங்க" என்று என்னை அழைத்துக்கொண்டு கீழே இறங்கி வாசலுக்குப் போனார். அங்கே செக்யூரிட்டி டில்லி நாற்காலியில் இருந்தார்.

"டில்லி, இதைப் படிங்க. என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க."

டில்லி உதடு அசையப் படித்தார். முடித்ததும் காகிதத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல விசயந்தான் மேடம். எலிக்குக் காச்சல் வந்தா ரத்தம் எட்த்துப் பாக்கறீங்கோ. ஆனா எலிய எவன் சார் புட்ச்சிகினு வருவான்? எங்க ஊட்ல ஒண்ணு கீது. ரொம்ப நாளா ஆட்டம் காட்டுது. வோணும்னா நாளிக்கு டப்பால போட்டுக் கொண்டாறேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அவர் மேல தப்பில்ல. நீங்க பக்கத்துல நின்னு விளக்கினா இது புரியும். ஆனா நீங்க பேப்பரோட கூடப் போக முடியாது இல்லையா?"

நாளிதழில் என்னைத் திருத்திய யாரும் அவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை. தேங்கிய மழைத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலப்பதையும், காலில் வெட்டுக்காயம் இருந்தால் கிருமி அதன் வழியே ஏறுவதையும் முதல் வரியிலேயே வைத்து மறுபடி எழுதினேன். இரண்டாம் முறை டில்லி, "ஓ, மயத் தண்ணில வெறுங்கால்ல நடக்காதன்றீங்கோ" என்றார். மேடம் தலையசைத்துவிட்டு மேலே போய்விட்டார். பாராட்டு அவ்வளவுதான்.

வெளியே வேறு எங்கும் நான் பார்க்காத ஒரு வழக்கம் அவருடைய ஆய்வகத்தில் இருந்தது. எந்த முடிவும் கட்டடத்தைவிட்டு வெளியே போவதற்கு முன், அதைச் செய்த முறையைத் தட்டச்சு செய்து, வேறு தளத்தில் உள்ள, அந்தத் துறையே தெரியாத ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் அதைப் பார்த்துத் தனியாகச் செய்ய வேண்டும். முதலில் செய்தவர் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. போன் செய்யக்கூடாது. கேன்டீனில் எதிர் எதிரே உட்கார்ந்தால்கூட சினிமாதான் பேச வேண்டும். அதே முடிவு வந்தால், செய்து பார்த்தவரின் ஆய்வகத்துக்கே அம்பத்தூரிலிருந்து பிரியாணி வரும். வராவிட்டாலும் பிரியாணி வரும். அப்போது கூடவே சிக்கன் அறுபத்தைந்தும் இருக்கும். "ஓட்டை எங்கன்னு காட்டினவங்களுக்கு நாமதான் கடமைப்பட்டிருக்கோம்" என்பார் மேடம். இதற்காகவே, வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட தளங்கள் உண்டு.

மற்ற பேராசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. "தன் ஸ்டூடண்ட் மேலயே சந்தேகப்படறாங்க" என்றார்கள். அவர் சந்தேகப்பட்டது மாணவர்களை அல்ல என்று எனக்குத் தோன்றும். தன்னையும் சேர்த்து எந்தக் கைக்கும் தனிச் சலுகை கிடையாது, அவ்வளவுதான். ஏனென்றால் கட்டடத்திலேயே அதிகக் கைராசி உள்ளவர் என்று எல்லோரும் நம்பியது மேடத்தைத்தான். ஒரு ஆயுத பூஜைக்குச் சற்று முன் புதுக் கருவி ஒன்று வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, சுவிட்சுக்கு மேல் ஒரு செவ்வந்திப் பூவையும் சொருகி, "மேம், நீங்கதான் போடணும்" என்று மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். மேடம் பொரியை மென்றபடி சுற்றிலும் பார்த்தார். தண்ணீர் கேன் இறக்க வந்தவர் தோளில் கேனுடன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க போடுங்கண்ணா" என்றார் மேடம். அவர் கேனை இறக்கிவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். கருவி ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் அவர் வீடு. ஒரு கட்டுரையைச் சரிபார்க்க ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். போனில் வழி சொன்னபோது, பெரிய மரம், மஞ்சள் பில்டிங், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பதெல்லாம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பும்போது எந்தப் போர்டு கண்ணில் படும் என்று மட்டும் சொன்னார். ஒரு இடத்திலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்த கணவர் முதலில் கேட்டது, "வழி சரியா இருந்துச்சா?" என்றுதான்.

"சரியா இருந்துச்சு சார்."

"இருக்கும். போன வாரம் புதுசா வந்த கேஸ் டெலிவரிக்காரரை வெச்சு டெஸ்ட் பண்ணியாச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வீட்ல ரசம்கூட நான் வெச்சு அதே ருசி வந்தாத்தான் செய்முறை சரின்னு ஒத்துக்குவா."

"வந்துச்சா?"

"இன்னும் வரலை. அதனால அவ வெக்கறதும் இன்னும் ரசம் ஆகலை."

உள்ளேயிருந்து மேடத்தின் சிரிப்பு கேட்டது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அவர் பெரிதாகச் சொன்னதில்லை. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா பரிசோதனைப் பிரிவில் இருந்தார். "பாகத்தைச் செஞ்சவனே அதுல ஓகே முத்திரை குத்தினா எங்க ஃபேக்டரியில வேலை போயிடும். இங்க மட்டும்தான் அதுக்கு ப்ரமோஷன் குடுக்கறாங்க" என்று கேன்டீனில் ஒரு நாள் சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சு போகவில்லை.

நிவேதாவின் விஷயத்தில்தான் இந்தக் குணத்தின் விலை எனக்குத் தெரிந்தது.

நிவேதா கொரட்டூர் பெண். அப்பா ஸ்டேஷன் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். மேடத்திடம் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு சிறிய காகிதப் பட்டை. அதில் நோயாளியின் ஒரு சொட்டு ரத்தம். அதன்மேல் தங்கத் துகள் கலந்த ஒரு சொட்டுக் கரைசல்; அவ்வளவு நுண்ணிய தங்கம் சிவப்பாகத்தான் தெரியும். எலிக்காய்ச்சல் இருந்தால் சிவப்புக் கோடு விழும். காய்ச்சல் தொடங்கிய ஆரம்ப நாட்களிலேயே விழும் என்பதுதான் விசேஷம். அவள் கையில் அது பிசகியதே இல்லை. வெளிநாட்டில் ஒரு பெரிய ஆய்வகம் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை: ஆகஸ்ட் முடிவதற்குள் கட்டுரை ஒரு இதழுக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு மேடம் ஒப்புதல் தர வேண்டும்.

அதே சமயத்தில் கட்டடத்தின் புதுப் பகுதிக்குத் திறப்பு விழா வந்தது. அமைச்சர் வருகிறார். மேடையில் நிவேதா சோதனையைச் செய்து காட்டுவாள் என்று இயக்குநர் நிகழ்ச்சி நிரலில் போட்டுவிட்டார். அவர் சொன்னபடி செய்திக் குறிப்பும் தயார். நடுவில் மிச்சம் இருந்தது வேறு தளத்தில் செய்து பார்க்கும் அந்த வழக்கம் மட்டும்தான். இந்த முறை அது மூன்றாம் தளத்து இம்ரானிடம் போனது.

இம்ரான் செய்தான். கோடு விழவில்லை. நோய் இருப்பது உறுதியான ரத்த மாதிரிகளில்கூட விழவில்லை. மறுபடி செய்தான். ஒன்றிரண்டில் மங்கலாக ஏதோ தெரிந்தது. மற்றதெல்லாம் வெள்ளை.

"சத்தியமா பேப்பர்ல இருந்தபடிதான் பண்ணேன் நிவே" என்றான் மாடிப்படியில் வைத்து.

"உனக்கு சிமெண்ட் குழைக்கத்தான் தெரியும். இது கொத்தனார் வேலை இல்ல."

"கொத்தனார்னே வெச்சுக்கோ. கொத்தனாருக்கும் படிக்கத் தெரியும்ல?"

அன்று வந்த பிரியாணியை மூன்றாம் தளத்தில் யாரும் வாய்விட்டுப் புகழவில்லை.

இயக்குநர் அறையில் மேடத்துடன் நானும் இருந்தேன். செய்திக் குறிப்பைக் கொண்டுபோயிருந்தேன். இயக்குநர் பொறுமையாகத்தான் தொடங்கினார்.

"மேடம், அந்தப் பொண்ணு செஞ்சா ஒவ்வொரு தடவையும் வருது. அவளே மேடையில செய்யட்டும். அமைச்சர் முன்னாடி இம்ரானா வந்து செய்யப்போறான்?"

"மேடையில நிவேதா செய்வா சார். திருத்தணியில யார் செய்வாங்க?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"நிவேதா செஞ்சா வருது, இம்ரான் செஞ்சா வரலைன்னா அதுக்குப் பேர் கண்டுபிடிப்பு இல்ல. கைராசி. அதை அமைச்சர்கிட்ட காட்ட வேண்டாம். ஜோசியர்கிட்ட காட்டலாம்."

வெளியே வந்தோம். நிவேதா சுவரோரம் நின்றிருந்தாள். உள்ளே பேசியது கேட்டிருக்க வேண்டும்.

"மேம், எனக்கு இருக்கிறது இந்த ஒரு சான்ஸ்தான். உங்களுக்கு அது ஒரு கையெழுத்து."

மேடம் அவள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "கோடு விழலைன்னு பாத்துட்டு ஒருத்தர்கிட்ட 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லிடுவாங்க நிவேதா. அவர் சந்தோஷமா போயிடுவார். கிட்னி கெட்டதுக்கு அப்புறம்தான் திரும்பி வருவார்."

நிவேதா கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே படியிறங்கிப் போனாள்.

திறப்பு விழா நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, கல்வெட்டு எல்லாம் இருந்தன. சோதனை செய்து காட்டுவதற்கு ஒதுக்கிய நேரத்தில் மாணவர்கள் யோகாசனம் செய்தார்கள். இயக்குநர் அதன் பிறகு மேடத்திடம் நேரில் பேசுவதைத் தவிர்த்து, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பினார்.

அடுத்த வாரம் மேடம் நிவேதாவிடம், "நீ எப்பவும் செய்யற மாதிரி செய். நான் பின்னாடி வருவேன். நான் இருக்கறதையே மறந்துடு" என்றார். ஒரு நாள் முழுக்க, மேசையிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து குளிர் அறைக்கும் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தார். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாளும் நடந்தார். ஆளை ஆள் துரத்துவதுபோல இருந்த அந்த ஊர்வலத்தைப் பார்த்துக் கட்டடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. ஆகஸ்ட் கரைந்துகொண்டிருந்தது.

அந்த மறுநாள் நான்காம் தளத்தில் லிஃப்ட் வாசலில் நானும் நின்றிருந்தேன். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் வருவதற்குள் ஒரு தலையங்கம் எழுதிவிடலாம். இருப்பதே இரண்டு: ஒன்று ரத்த மாதிரிகளுக்கு மட்டும்; மற்றது எல்லோருக்கும். குளிர் அறையிலிருந்து கரைசல் குப்பியை எடுத்துக்கொண்டு நிவேதா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மேடம். லிஃப்ட் ஆறில் நின்றது, ஐந்தில் நின்றது, பிறகு மறுபடி ஆறுக்கே போனது. கதவு திறந்ததும் நிவேதா காலை எடுத்து வைத்தாள்.

"ஏறாதே" என்றார் மேடம். "இப்ப என்ன பண்ணிட்டு இருந்தே?"

"ஒண்ணும் பண்ணலையே மேம். லிஃப்டுக்கு நின்னேன்."

"கையில?"

நிவேதா தன் கையைப் பார்த்தாள். குப்பி தலைகீழாக இருந்தது. காத்திருக்கும் நேரமெல்லாம் அதை மெல்லக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்திருக்கிறாள். அடியில் தங்கியிருந்த சிவப்பு, புகைபோல எழுந்து பரவுவதை வேடிக்கை பார்ப்பது அவளுடைய பழக்கம். அப்படி ஒரு பழக்கம் இருப்பது அவளுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி எழுதுவாள்?

லிஃப்ட் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மூவரும் படியிறங்கி மூன்றாம் தளத்துக்குப் போனோம். இம்ரானின் குளிர்பெட்டி அவன் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவனுக்கு லிஃப்ட் தேவைப்படவில்லை.

"நீ குப்பியை எப்படி எடுப்பே?" என்று கேட்டார் மேடம்.

இம்ரான் எடுத்துக் காட்டினான். தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல, துளி அசைவில்லாமல். "எங்க சிமெண்ட்ல ஒரு குமிழி வந்தாலும் அன்னைக்கு வேலை போச்சு மேம். ஆட்டவே மாட்டோம்." சொட்டை மேலாக உறிஞ்சினான். தங்கத் துகள்கள் அடியிலேயே கிடந்தன.

நிவேதா அவனைப் பார்த்தாள். அவன் நிவேதாவைப் பார்த்தான். பிறகு குப்பியைக் கவிழ்த்து நிமிர்த்தி, பட்டையில் விட்டான். கோடு விழுந்தது.

கதையை இங்கே முடித்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். மேடம் முடிக்கவில்லை. செய்முறையில் ஒரு வரி சேர்ந்தது: அடியில் சிவப்புப் படிவு மறையும்வரை குப்பியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவும். "இம்ரானுக்கு இப்ப விஷயம் தெரிஞ்சுபோச்சு. அவன் செஞ்சு பாக்கறது இனிமே செல்லாது" என்று சொல்லி, இதில் எதுவும் தெரியாத வேறு சிலரிடம் கொடுத்தார். ஐந்தாம் தளம், கீழ்த்தளம், பக்கத்துக் கல்லூரி. எல்லோருக்கும் கோடு விழுந்தது. மேடம் ஒப்புதல் தந்தார். ஆனால் அதற்குள் செப்டம்பர் பாதி போய்விட்டது. வெளிநாட்டு இடம் வேறு யாருக்கோ போனது.

நிவேதா வேலையை விடவில்லை. மேடத்திடம் பேசுவதை மட்டும் வேலை அளவுக்குக் குறைத்துக்கொண்டாள். "சரி மேம்", "முடிஞ்சது மேம்", "நாளைக்கு மேம்". அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த மூன்று வாக்கியங்கள்தான் என் காதில் விழும். மேடம் சமாதானம் செய்ய முயலவில்லை. வேறு ஆய்வகங்களுக்கு அவளுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, அனுமதிகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, பட்டை முதன்முதலாகக் கட்டடத்தைவிட்டு வெளியே போனது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம், கிடங்குகளுக்கு நடுவில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். வழக்கமான பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பிவிட்டு, கூடவே இதையும் செய்து பார்க்க வேண்டும். செய்முறையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். மேடம், நிவேதா, நான் மூவரும் போனோம். உள்ளே போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். அதுதான் விதி, விதியைப் போட்டவருக்கும் அதேதான்.

கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவர் காய்ச்சலோடு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பாதி திறந்த கதவு வழியே நர்ஸின் குரல் மட்டும் கேட்டது. யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "டியூஷனுக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்க... சரி, வெச்சிடறேன். புதுசா ஒரு டெஸ்ட் குடுத்திருக்காங்க. படிச்சுப் பாக்கணும்."

பிறகு சத்தமில்லை. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

நிவேதா பாதி எழுந்துவிட்டாள். "மேம், அவங்க கவிழ்த்தாங்களான்னு தெரியலை. ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு..."

"உட்காரு."

உட்கார்ந்தாள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேடமும் அப்படித்தான் பிடித்திருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

"டாக்டர்," என்றது நர்ஸின் குரல், "இவருக்குக் கோடு விழுந்திருக்கு. இங்க வந்து பாருங்க."

டாக்டர் போனார். நாற்காலி நகரும் சத்தம். மருந்தின் பெயர். அந்த மனைவி ஏதோ கேட்க, டாக்டர், "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். சற்று நேரத்தில் நர்ஸ் கை கழுவ வெளியே வந்தார். நிவேதா எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், அந்தப் புது டெஸ்ட்... கஷ்டமா இருந்துச்சா?"

"இதுல என்னங்க கஷ்டம்? எழுதியிருந்ததைப் பாத்தேன், செஞ்சேன். யாரு வேணா செய்யலாமே." குழாயை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். "நீங்க பேஷண்ட்கூட வந்தவங்களா? சாரல் அடிக்குது, உள்ள தள்ளி உக்காருங்க." அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டே போய்விட்டார்.

செய்தியாளனாக எத்தனையோ விருது மேடைகளுக்குக் கீழே நின்றிருக்கிறேன். சால்வையோடும் கேடயத்தோடும் இறங்கி வந்த எத்தனையோ முகங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது நிவேதாவுக்கு இருந்த முகத்தை அவர்கள் யாரிடமும் பார்த்ததில்லை. அவள் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் தேவைக்கு அதிகமான நேரம் துடைத்தார்.

"மேம், கேட்டீங்களா?"

மூன்று வாக்கியங்களுக்கு வெளியே அவள் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

"கேட்டேன்."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றார் மேடம். "அவங்களுக்கு வேலை இருக்கு."